பதினேழாவது மட்டை

பாஜா மண்டோர் எனக்கே தெரியாமல் எனக்கு உரம் போட்டுவிட்டார் என்று நான் மூன்று மாதம் உறுதியாக நம்பினேன். உரம் என்றால் மரத்தடியில் இறைக்கிற அதே உரம்தான். வயது ஐம்பத்திரண்டு. சிரம்பானில் மோட்டார் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நின்றுகொண்டு ஊரையே கிண்டல் செய்கிறவன். இப்படி ஒன்றை நம்பினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் பக்கம் ஒரே ஒரு சமாதானம் உண்டு. நீங்கள் பாஜா மண்டோரைப் பார்த்ததில்லை. மனிதனுக்கும் செம்பனை மரத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ரெம்பாவ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் எஸ்டேட்டில் முப்பது வருடம் உரம் போடும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். உரத்தை நாங்கள் மலாய்க்காரர் மாதிரியே பாஜா என்போம். அதனால் அவர் பாஜா மண்டோர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கலாம், வேறெங்கும் இல்லை. எஸ்டேட்டில் பாதியை விற்று லயத்து வீடுகளை இடித்தபோது எல்லாரும் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அவருடைய கண்கள் பெறவில்லை.

எந்தச் சத்துக் குறைந்தால் செம்பனையின் எந்த மட்டை என்ன நிறமாகும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பாடத்தை அப்படியே ஆட்கள்மேல் போட்டுப் பார்ப்பார். சோர்ந்து நடக்கிறவனுக்குப் பொட்டாசு. கூன் விழுந்தவனுக்குப் போரான். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மணமக்களை ஆசீர்வதித்தவர், மாப்பிள்ளையின் அம்மா பக்கம் குனிந்து, "பையனுக்கு மெக்னீசியம் பத்தலம்மா, அடி மட்டையெல்லாம் ஆரஞ்சு அடிக்குது" என்றார். மாப்பிள்ளை காலில் இருந்தது முதல் நாள் வைத்த நலங்கு மஞ்சள். அந்த அம்மா பந்தி முடியும்வரை மகனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்டேட்டில் மரத்தின் சத்தைச் சோதிக்கப் பதினேழாவது மட்டையிலிருந்துதான் இலை வெட்டி அனுப்புவார்கள். உச்சியிலிருந்து எண்ணிப் பதினேழு. இளசும் இல்லை, முற்றலும் இல்லை. மரம் மறைக்கிறதெல்லாம் அந்த மட்டையில் தெரிந்துவிடும் என்பார். மனிதனுக்குப் பதினேழாவது மட்டை எது என்று பல வருடம் யோசித்து, இடது காது என்று முடிவு கட்டியிருந்தார். ஆகவே எங்கள் வரிசையில் எல்லாரும் இடது காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டைத் தாண்டுவோம். கோயில் வரிசையில் அவர் பின்னால் வந்து நின்றுவிட்டால் மட்டும் தப்ப முடியாது. நம் கையில் அர்ச்சனைத் தட்டு இருக்கும். அவர் கையில் நம் காது இருக்கும்.

கனமழை நாளில் ரத்த அழுத்த மாத்திரை போடமாட்டார். மழையில் பாஜா போட்டால் கரைந்து ஓடிவிடுமாம். சோற்றைத் தட்டில் வட்டமாகப் பரப்பி ஓரத்திலிருந்துதான் சாப்பிடுவார். வேர் நுனிதான் இழுக்குமாம். நான் இதையெல்லாம் கடையில் நடித்துக் காட்டுவேன். பிரேக் சூ வாங்க வந்தவர்கள் அதை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்த சிரிப்பில் பாதி அவர் போட்ட பாஜாவில் விளைந்தது.

அவருக்கு ஒரு தோட்டம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் எஸ்டேட் வேலிவரை நாற்பது கத்திரிச் செடிகள். வீட்டுக்கு முன்னால் ஓர் எலுமிச்சை மரம். எது முன்னால், எது பின்னால் என்பதை நினைவில் வையுங்கள்; நான் வைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஒரு பை கத்திரிக்காய் தொங்கும். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் தொங்காது. அந்த வாரத்துக் காய் முழுவதும் கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் போய்விடும். அன்றைக்கு அவர் வேட்டி கட்டிக்கொண்டு சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று, சாப்பிட்டுக் கை கழுவ வருகிற ஒவ்வொருவரிடமும், "கத்திரிக்கா எப்படி?" என்று கேட்பார். யார் காதையும் பார்க்காத நாள் அது ஒன்றுதான்.

போன வருடம் என் கால்கள் என்னைக் கைவிட ஆரம்பித்தன. முதலில் விரல்கள் மரத்தன. பிறகு பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி இருந்தது. ரெம்பாவ் பசாரில் மீன் பார்த்துக்கொண்டே நடந்தபோது பின்னாலிருந்து ஒரு மலாய் அக்கா, "பாங், சிலிப்பார்" என்று கூப்பிட்டார். திரும்பினால் என் இடது செருப்பு பத்தடி தள்ளித் தனியாக நிற்கிறது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அதைக் கடையில் ஜோக்காக்கினேன். அடுத்த வாரம் குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். மூடியதும் கால் எங்கே இருக்கிறது என்று புரியாமல் சுவரில் போய் மோதினேன். அதை ஜோக்காக்க முடியவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இனி நடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், கையில் இரண்டு பையோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்த என்னைப் பாஜா மண்டோர் பிடித்தார். காதை வெயிலுக்கு நேராகத் திருப்பினார். அப்புறம் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, நடு மட்டை வெளுத்திருக்கு. உனக்குச் செம்பு ஏறல."

கரிமண்ணில் நிற்கிற செம்பனைக்குச் செம்பு கிடைக்காமல் நடு மட்டைகள் வெளுத்துப்போகுமாம். வாலிப வயதில் ஜொகூர்ப் பக்கம் அப்படி ஒரு தோட்டமே பார்த்திருக்கிறாராம்.

"அப்ப நமக்கும் ரெண்டு கிலோ போட்டு விடுங்கண்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாத்துச் செய்யலாம்" என்றார்.

மறுவாரம் அவர் வீட்டு முன்னால் ஒரு வாளி இருந்தது. வாளி நிறைய மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்குத் துருசு என்றார். வீட்டுக்குள் போய்க் கைப்பேசியில் பார்த்தேன். துருசு என்பது செம்பு சேர்ந்த உப்பு. உள்ளே போனால் விஷம். பாத்துச் செய்யலாம் என்றாரே, செய்துவிட்டார். துருசைக் கத்திரிச் செடிக்கு ஊற்றி, கத்திரிக்காயை என் கேட்டில் மாட்டி, என் நடு மட்டையைப் பச்சை பிடிக்க வைக்கப் பார்க்கிறார். கால் மரத்தது வாளிக்கு முன்பே என்று நீங்கள் கேட்கலாம். பயந்தவனுக்கு முன்னும் பின்னும் கிடையாது.

செம்பு விஷத்துக்கு என்னென்ன அறிகுறி என்று படித்தேன். படித்து முடித்த பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. கண்ணின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக வளையம் தெரியும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. மனைவி சரோவைக் கூப்பிட்டு டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "வளையமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும்தான் அந்தக் கத்திரிக்காயைத் திங்கிறேன். என் செருப்பு எங்கயும் போகலியே" என்றாள்.

உனக்குச் செம்பு குறைச்சல் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னார் என்றேன். இருவரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம் என்பது அந்த விவாதத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இதற்குமேல்தான் வெட்கக்கேடு. பயத்தை நேராகச் சொல்லத் துணிவில்லாதவன் என்ன செய்வான், ஜோக்கடிப்பான். எங்கள் தாமான் வாட்சாப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பாஜா மண்டோர் மாதிரியே பேசினேன். மண்டோர் இப்போது ஆட்களுக்கே துருசு போடுகிறார், இந்தக் கத்திரிக்காயைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரு காதிலும் ஒயர் மாட்டி வீட்டுக்கு லைட் எரிக்கலாம் என்றேன். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. பக்கத்துத் தாமான்களுக்கும் பதிவு போய்விட்டது. சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த சனிக்கிழமை கேட்டில் தொங்கிய பையை எடுக்கவில்லை. நான் என் பையை லொங்காங்கில் போட்டேன். சாக்கடையில் கத்திரிக்காய்கள் வரிசையாக மிதந்து போவதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் தலைவர் அவர் வீட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, இந்தத் தடவை காயைச் சிரம்பானில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாஜா மண்டோர் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் காலையில் நாற்பது செடியையும் வேரோடு பிடுங்கினார். காய் தொங்குகிற செடிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணை உதறி, எஸ்டேட் வேலியோரம் அடுக்கினார். நான் மாடி சன்னலிலிருந்து முழுவதும் பார்த்தேன். தடயத்தை அழிக்கிறார் என்று சரோவிடம் சொன்னேன். அவள் சன்னலைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நான் சிரம்பானில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். முப்பது வயதுகூட இருக்காது. எனக்குச் செம்பு விஷம் வைத்திருக்கிறார்கள், அதற்கு ரத்தம் சோதியுங்கள் என்று நானே மருந்துச் சீட்டு எழுதாத குறையாகச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எழுதிக்கொடுத்தார். முடிவு வந்த அன்று சரோவும் கூட வந்தாள்.

"ஐயா, செம்பு கூடிப்போச்சுன்னு வந்தீங்க. உங்க ரத்தத்துல செம்பே இல்லன்னு சொல்லலாம். ஆனா சிங்க் ரொம்ப மேல நிக்குது. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லை என்று சரோவும் சொன்னாள். பாவம், அவள் நம்பிச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, இது தெரியாவிட்டால் உங்கள் காலை என்னால் காப்பாற்ற முடியாது என்றார். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குக் கால் இல்லை. கடையில் ஸ்பார்க் பிளக் டப்பாவுக்குள் மாத்திரை வைத்திருந்ததைச் சொன்னேன். கைப்பேசியில் ஒரு பெண் நேரலையில் விற்ற சிங்க் மாத்திரை. நாளுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. நான் நாலு சாப்பிட்டேன். ஒன்றரை வருடமாக.

"எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"முடிக்கு."

சரோ என் தலையை ஒரு தடவை முழுவதும் பார்த்தாள். "எந்த முடிக்குங்க?" என்றாள்.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். சாப்பாட்டுச் செம்பு சிறுகுடலின் ஆரம்பத்தில் எப்படி உள்ளே நுழைகிறது, ரத்தத்தில் யார் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறார்கள், கல்லீரல் அதை வேறொரு புரதத்தில் ஏற்றி எப்படி உடம்புக்கு அனுப்புகிறது என்று அம்புக்குறியாகப் போட்டார். செம்பு இல்லாவிட்டால் இரும்பு இருந்தும் ரத்தம் ஊறாது, நரம்பும் கெடும் என்றார். சிங்க்கை நிறுத்தி, செம்பு கொடுத்தார்கள். ரத்தம் சில வாரத்தில் தேறிவிடும். கால் மெதுவாகத்தான் திரும்பும், முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். எனக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே பதினைந்து அடி ரோடு. அதைக் கைத்தடியோடு கடக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது, காலால் அல்ல, வெட்கத்தால். பாஜா மண்டோர் பின்பக்கம் வெறும் மண்ணைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்லா. அந்த வாட்சாப்புல நானும்தானே இருக்கேன்."

அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்டிருக்கிறார். தன் குரலிலேயே கேட்டிருக்கிறார்.

"என்னை மாதிரியே நல்லா ஏத்தி எறக்கிப் பேசியிருந்த" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே பாராட்டினார்.

டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டார். படம் போட்ட தாளைக் கொடுத்து, எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியவில்லை. அவருக்குப் புது எஸ்டேட் கிடைத்துவிட்டது.

"குடலுதான் கேட்டு. கேட்டுல காவலுக்கு ஜாகா நிக்கிறான். செம்பு வந்தா உள்ள விட்டுக் கைல புடிச்சு வச்சுக்குவான், அப்புறம் லோரில ஏத்தி ஆபீசுக்கு அனுப்புவான். ஈரல்தான் ஆபீசு. அங்க கணக்கு எழுதுற கிராணி வேற லோரில மாத்தி ஏத்தி, எந்தெந்தப் பெரட்டுல ஆளுங்க காத்து நிக்குதோ அங்க அனுப்புறான். மிஞ்சுனத பித்தத்தோட லொங்காங்ல தள்ளிடுறான். சரியா?"

சரி என்றேன். டாக்டரம்மாவின் அம்புக்குறிகள் அப்போதுதான் எனக்கு நகர ஆரம்பித்தன.

"நீ என்ன பண்ண? சிங்க்கைக் கொண்டாந்து கேட்டுல கொட்டுன. கூட்டம் ஜாஸ்தியாகவும் ஜாகாவும் ஜாஸ்தியாயிட்டான். ஒரு ஜாகா இருந்த எடத்துல நூறு ஜாகா. அந்த ஜாகாவுக்குச் செம்பக் கண்டாத்தான் ரொம்பப் பிரியம். புடிச்சவன் விடல. நாலஞ்சு நாள்ல அந்த ஜாகா வேல முடிஞ்சு, செம்பக் கட்டிப் புடிச்சிக்கிட்டே லொங்காங்ல போயிடுறான். லோரி காலியா நிக்குது. ஆபீசுல கிராணி கொட்டாவி விடுறான்."

குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகும் என்று டாக்டரம்மா சொன்னதும் இதுவும் ஒன்றுதான். மரத்துக்கும் இதே கதைதான், சிங்க்கை அளவில்லாமல் போட்டால் செம்பு ஏறாது என்று சொல்லிவிட்டு அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

துருசு எதற்கு என்று கேட்டேன். எலுமிச்சை மரத்தின் அடித்தண்டு அழுகியதற்குப் பூச என்றார். முன்பக்கத்து எலுமிச்சை. கத்திரிக்கு ஒரு சொட்டுகூடப் போடவில்லை. பாத்துச் செய்யலாம் என்றது, என்னை டாக்டரிடம் போகச் சொல்லும்படி சரோவிடம் பேசலாம் என்று நினைத்ததாம். பேசவும் பேசியிருக்கிறார். அவள் சொன்னாள்தான், நான் கேட்கவில்லை.

"அப்புறம் ஏண்ணே செடியெல்லாம் புடுங்குனீங்க?"

அவர் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ பேசுனதக் கேட்டுட்டு நானும் யோசிச்சேன் தம்பி. முன்னால பூசுனது மழைல கரைஞ்சு பின்னால ஓடியிருந்தா? எல்லா வீட்லயும் பிள்ளைங்க திங்குது. இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என் ஜோக்கை ஊரில் எல்லாரும் சிரித்துக்கொண்டே நம்பினார்கள். சிரிக்காமல் நம்பியவர் அவர் மட்டும்தான்.

அன்று மாலையே இன்னொரு குரல் பதிவு அனுப்பினேன், என் சொந்தக் குரலில். அதை யாரும் வேறு தாமானுக்கு அனுப்பவில்லை. கோயில் தலைவரை நேரில் பார்த்தும் சொன்னேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். எங்கள் வரிசையில் இன்னும் நாலைந்து வீடுகளில் அவரைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஜோக் போன தூரத்துக்கு இதுவும் போய்ச் சேரட்டும்.

என் ரத்தம் தேறிவிட்டது. கால் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. இடது கட்டை விரல் மட்டும் இன்னும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. இப்போதெல்லாம் எதிர் வீட்டைத் தாண்டும்போது கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அவர் கேட்பதற்கு முன்பே இடது காதைக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். முடி வளர நான் சிங்க் தின்றேன். அது என் செம்பை உள்ளே ஏறவிடவில்லை. ஒருவர் என் காதைப் பார்த்துச் செம்பு என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த ரத்தச் சோதனையைக் கேட்டிருக்கவே மாட்டேன். நான் அவர் தோட்டத்தை அழித்தேன். முடி வளரவில்லை. அவர் பின்பக்கம் புது மண் போட்டு மறுபடி கத்திரி நட்டிருக்கிறார். போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கேட்டில் மட்டும் ஒரு பை தொங்கியது. உள்ளே ஆறு கத்திரிக்காய்கள் இருந்தன.